ஒரு துண்டு குறைவு

பகல் அவனுக்கு, இரவு எனக்கு.
நாலாயிரத்து இருநூறு டொலர், சரிபாதி போட்டு
சஸ்கட்டூனில் வாங்கிய ஒரே கார்.
நிமலரூபன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை,
அங்கே தரிப்பிடம் நிலத்துக்குக் கீழே, ஹீட்டரோடு.
நான் தபால் பிரிக்கிறவன்.
என்னிடம் வந்தால் கார் வெளியில் நிற்கும்,
மூக்கில் வயர் செருகியபடி.

காலை ஆறரை. மைனஸ் முப்பத்தொன்று.
சாவியைத் திருப்பினால் மூன்று விநாடி
தகரப் பேணிக்குள் ஆணி கிளறும் சத்தம்.
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி.
"எனக்குக் கேக்கேல்லையே" என்றான்.
எப்படிக் கேட்கும்?
அவன் கைக்குப் போவது நான் சூடாக்கிக் கொடுத்த கார்.

"ஒயில் எப்ப மாத்தினது?"
"நீதானே மாத்தினாய்."
"நீ மாத்தினாய் எண்டெல்லோ நான் நினைச்சன்."
அதோடு மூன்று கிழமை கதை நின்றது.
சாவி மட்டும் மைக்ரோவேவின் மேல் கைமாறியது.

வெள்ளி இரவு, வாடகைக் கராஜ்,
சூடு கணுக்கால் தாண்டாத ஒரு ஹீட்டர்.
மூடியைத் தூக்கினோம். உள்ளே தார்.
டென்ஷனர் எட்டுமட்டும் கையை நீட்டி
இனி நீட்ட இடமில்லை என்று நின்றது.

ஒரே ஆணியில் பழைய செயினையும் புதியதையும் தொங்கவிட்டேன்.
பழையது ஒரு நெல்மணி நீளம் கூட.
இரும்பு நீளவில்லை.
கண்ணிக்குக் கண்ணி, ஒவ்வொரு முள்ளும்
தன் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்தது.
எல்லாம் கூட்டினால் ஒரு நெல்.
"இவ்வளவுக்கா?" என்றான் ரூபன்,
மூன்று கிழமைக்குப் பிறகு முதல் வார்த்தை.
"இவ்வளவுக்குத்தான்."

ஒயில் தட்டின் அடியில் ப்ளாஸ்டிக் துண்டுகள்:
செயின் உரசி நொறுக்கிய கைட்.
உடைந்த பீங்கானைப் பொருத்துகிற மாதிரி
பேப்பர் விரித்து அவற்றை அடுக்கினான்.
ஐந்து துண்டு.
நடுவில் நகமளவு வெறுமை.

"விடு. ரெண்டு மணியாகுது" என்றது நான்.
அவன் விடவில்லை.
காந்தம் உதவாது, ப்ளாஸ்டிக்.
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஹாங்கர் கம்பியால் மூலை மூலையாகத் துழாவினான்.
நாலு மணிக்கு ஒயில் உறிஞ்சும் குழாயைக் கழற்றி
அதன் சல்லடையைக் கவிழ்த்துத் தட்டினான்,
தினமும் முந்நூறு பேருக்கு மா அரிக்கிற கையால்.
டிக்.
எடுத்து வெறுமையில் வைத்தான். பொருந்தியது.
பிறகு ஆறையும் பேப்பரோடு சுருட்டிக்
குப்பையில் எறிந்தான்.

நிறம் பூசிய கண்ணி மூன்று, சில்லுகளில் புள்ளி மூன்று.
கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒன்று.
ஒரே இடத்துக்கு வால்வும் வரும், பிஸ்டனும் வரும்,
ஒருபோதும் ஒரே நேரத்தில் வரக்கூடாது.
ஒரு பல்லுப் பிசகினால் எல்லாம் போச்சு.

டென்ஷனர் பின்னை உருவினேன். க்ளக்.
அவன் நீளக் கைபிடியைச் சுற்ற, நான் புள்ளியைப் பார்த்தேன்.
முதல் சுற்றின் பாதியில் இறுகியது.
இருவரும் நிறுத்தினோம்.
அமுக்கமா, முட்டலா?
பொறு என்றான்.
உள்ளே எங்கோ சீறி, மெல்ல இளகியது.
அமுக்கம்தான்.
இரண்டாம் சுற்று முடிய மூன்று புள்ளியும் நேர்.

மூடியின் பசை காய ஒரு பகல் வேண்டும்.
ஆறரைக்கு அவன் வேலை.
நகத்துக்குள் தாரோடு, பஸ்ஸுக்கு நடந்து போனான்.
தெரு விளக்கடியில் அவன் மூச்சு
அவனைவிட உயரமாக எழும்பியது.

ஞாயிறு காலை.
சாவியை அவனிடம் கொடுத்தேன்.
திருப்பினான்.

தகரப் பேணி, ஆணி.
ஒன்று. இரண்டு. என் வயிறு கலங்கிற்று.
மூன்று.
ஒயில் மேலே ஏறியது. புதுச் செயின் நனைந்தது.
அமைதி.

அவன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடியே
என் பக்கம் திரும்பினான்.
"இதுவோ" என்றான்,
"நீ சொன்ன சத்தம்?"